புத்தருக்கு முன்னால் என் முழங்கால்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன், இரண்டு பேருக்கும் பெரிய கவலை இருக்கவில்லை. அதனால் இதிலே பிழை இருக்கும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குள் போய்விடுவேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதியோர் கூட்டத்து மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை கேட்டார்கள். மற்றவர்கள் காசிக்குப் போனது, இராமேசுவரம் போனது என்று எழுதுவார்கள். நான் தாய்லாந்து போய் வந்ததைப் பற்றி எழுத வேண்டிய நிலையில் இருக்கிறேன். ஏனென்றால் போய் வந்த நாள் முதலாகச் சிட்னியில் நான் இருக்கிற குவேக்கர்ஸ் ஹில் மரக்கறிக் கடையில் என்னைக் காண்கிற பெண்கள், கத்தரிக்காயை அமத்திப் பார்ப்பது போல என்னையும் பார்க்கிறார்கள். ஒருத்தி வாய் விட்டே கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் புத்த சமயத்துக்கு மாறிப் போட்டீங்களாம், உண்மையோ?"

நான் ஆட்கள் முன்னால் வாய் திறந்து விளக்கம் சொல்லக்கூடியவள் இல்லை. பதிலுக்கு ஒரு கட்டு வெந்தயக்கீரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே விளக்கம் இங்கே.

நான் தனியாக இருக்கிறேன். ஒரு அறை, ஒரு குசினி, பின்னுக்கு ஒவ்வொரு குளிருக்கும் செத்து ஒவ்வொரு வெயிலுக்கும் முளைக்கிற ஒரு முருங்கை. விடியவே மீன் பொரிக்கலாம். வானொலியை விரும்பின சத்தத்துக்கு வைக்கலாம். மனம் இல்லாவிட்டால் நாள் முழுக்கப் பல்லுக் கட்டாமல் இருக்கலாம். அரசனுக்கும் இந்தச் சுகம் இல்லை, அவனைப் பார்க்க ஆட்கள் வருவார்கள்.

என் மகள் மெல்பேர்னில், ட்ருகனினாவில் இருக்கிறாள். வயது போன தாய் சிட்னியில் தனியாக இருப்பது அவளுக்கு நித்திரையைக் கெடுக்கிறது. தன்னோடு வந்திருக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போய், கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். தன் மாமியாரையும் என்னையும் தாய்லாந்துக்குக் கூட்டிப் போவது. பயணத்தில் என்னைக் கவனிப்பது.

"எல்லாம் ஒழுங்கா ஏலுமெண்டா சிட்னியிலயே இருங்கோ, நான் வாய் திறக்க மாட்டன். ஏலாதெண்டா சாமானைக் கட்டிக்கொண்டு எங்களோட வாறது. இதுக்கு மேல கதையில்லை, அம்மா."

எனக்கு நடக்க ஏலும். படி ஏற ஏலும். பாரம் தூக்க ஏலும். ஒன்று மட்டும் ஏலாது: நிலத்தில் இருந்தால், மற்றவர்களைப் போல எழும்ப முடியாது. முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம். இது மகளுக்குத் தெரியாது. கதிரையும் கட்டிலும் உள்ள நாட்டில் ஒருத்தி நிலத்தில் இருக்க வேண்டிய தேவை வராது என்று நினைத்து நானும் சொல்லவில்லை.

பாங்கொக்கில் எனக்கும் மகளின் மாமியாருக்கும் ஒரே அறை. சம்பந்தி தஞ்சாவூர்ப் பக்கம். வயதில் என்னை விடச் சின்னவர், வாயில் என்னை விட மிகப் பெரியவர். காலையில் என் செருப்பு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு நாலு காலில் நின்று, கட்டில் சட்டத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக என்னை நானே இழுத்து எடுத்தேன். நிமிர்ந்தால் சம்பந்தி தலைசீவுகிற சீப்போடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"கன நாள்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"தெரியவே கூடாது," என்றார் சம்பந்தி. எனக்குக் கண் கலங்கியது, எவ்வளவு நல்ல மனம் என்று. அவர் தொடர்ந்தார். "தெரிஞ்சா உங்களை ட்ருகனினாவுக்குக் கொண்டுவந்துடுவாங்க. அங்க எந்த ரூம்ல படுக்க வைப்பாங்க? என் ரூம்லதான். நேத்து ராத்திரி உங்க குறட்டைய முழுசா கேட்டேன், சம்பந்தி. நான் இன்னும் கொஞ்ச காலம் உயிரோட இருக்கணும்."

இப்படித்தான் எங்கள் கூட்டணி உருவானது.

அன்றைக்குத்தான் ஒருநாள் சுற்றுலா. காலையில் அயுத்தயா என்கிற பழைய தலைநகரத்தின் இடிந்த கோயில்கள், மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீருக்கு மேலே இருக்கிற சந்தை. ஒரு சிறிய வான், ஒரு வழிகாட்டிப் பெண், நாங்கள் மூவர், பின்னால் நித்திரை கொள்கிற இரண்டு வெள்ளைக்காரச் சோடிகள். அயுத்தயா என்பது அயோத்தி என்ற பெயர்தான் என்று வழிகாட்டி சொன்னதும் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அயோத்தியா? அப்ப ராமர் கோயில் எங்க?"

ராமர் இல்லை, புத்தர்தான் இருக்கிறார் என்று மகள் சொன்னாள். சம்பந்தி கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தார். ஏமாற்றம் வந்தால் அவருக்குப் பசிக்கும்.

வாசலில் முதல் சிக்கல் எனக்கு இல்லை, மகளுக்கு. அவள் அரைக் கால்சட்டையோடு வந்திருந்தாள். வாசல் காவலாளி அவளுடைய காலைக் காட்டி ஏதோ சொன்னான். முழங்காலை மறைக்க வேண்டுமாம். அவள் முகம் சிவந்து, பக்கத்துக் கடையில் யானை யானையாகப் படம் போட்ட ஒரு தொளதொளத்த கால்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். இந்தக் குடும்பத்தில் முழங்காலை மறைக்கிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உள்ளே எல்லாம் செங்கல். எரிந்த செங்கல், சரிந்த செங்கல், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற கோபுரம். பர்மாக்காரர் வந்து கொளுத்தினார்களாம். வரிசையாகப் புத்தர்கள், ஒருவருக்கும் தலை இல்லை. சம்பந்தி ஒவ்வொருவராகப் பார்த்து "ஐயோ பாவம், ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எத்தனையோ நூறு வருடமாகக் காலை மடித்துச் சப்பாணி கட்டி நிமிர்ந்து இருக்கிறார்கள். தலை போன பிறகும் முதுகு வளையவில்லை. அவர்களை எழும்பிக் காட்டச் சொல்லி ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

பிறகு அந்த மரம் வந்தது. படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேர்களுக்கு நடுவில் புத்தரின் தலை மட்டும் அமைதியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் அரச மரம் ஒன்று தழைத்தாலே நாங்கள் காணிப் பத்திரத்தைத் தேடி எடுப்போம். இன்றைக்கு மரம், நாளைக்கு அதன் கீழே அவர், நாளையன்றைக்கு அவருக்கு ஒரு கொட்டில், அதற்குப் பிறகு கொட்டிலுக்குக் காவல் துவக்கோடு ஒரு ஆமிக்காரன். நான் கண்டு வளர்ந்த ஒழுங்கு அது. இங்கே மரம் முந்திவிட்டது. அவர் போய் மரத்தடியில் இருக்க முதல், மரமே அவரை விழுங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு முறைப்பாடும் இருப்பதாகத் தெரியவில்லை. அவரோடு எனக்கு என்ன கோபம், அவர் துவக்குக் கேட்டவரா என்றும் யோசித்தேன்.

யோசித்து முடிய விடாமல் வழிகாட்டி ஒரு விதியைச் சொன்னாள். படம் எடுப்பதானால் நம்முடைய தலை புத்தரின் தலையை விட உயரத்தில் இருக்கக் கூடாது. குந்தித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு காவலாளி விசிலோடு நின்றான்.

"அம்மா, வாங்கோ, உங்களுக்கு ஒரு படம். அதில போய்க் குந்துங்கோ."

"எனக்கு வேண்டாம், பிள்ளை. வெயில் அடிக்குது."

"நிழல்தானே, அம்மா. ஏன், குந்த ஏலாதோ?"

அந்த "ஏலாதோ"வில் ட்ருகனினா இருந்தது. சம்பந்தி எனக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "போங்க. போய் உக்காருங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

நான் போனேன். குந்தினேன். குந்துவது கஷ்டமில்லை, பூமி அதுவாகவே இழுக்கும். மகள் படம் எடுத்தாள், பிறகு சிரிக்கச் சொல்லி இன்னொன்று, வீடியோ என்று இன்னொன்று. எழும்பப் பார்த்தேன். முழங்கால் மறுத்தது. அப்படியே பின்னால் சரிந்து இருந்துவிட்டேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு சீனக் கூட்டம் காத்துக்கொண்டு நின்றது. காவலாளி விசிலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. திரும்பி, கையையும் முழங்காலையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பிறகு ஒரு காலை முன்னுக்கு வைத்து எழும்புவது. காலையில் கட்டிலடியில் செய்தது. ஆனால் புத்தருக்கு முன்னால் ஒருத்தி நாலு காலில் நின்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. கை கால் தலை ஐந்தும் நிலத்தில் பட விழுந்து கும்பிடுவது எங்கள் கோயிலில் பெண்கள் செய்வதுதான். நான் அதைச் செய்தேன். மரத்தைப் பார்த்து, நெற்றி மண்ணில் பட, பஞ்சாங்க நமஸ்காரம்.

விழுந்தாயிற்று. எழும்பப் பிடிப்பதற்குக் கட்டில் இல்லை. அப்போது பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். சம்பந்தியும் விழுந்து கும்பிட்டார்.

"என் தோளைப் பிடிங்க," என்றார் மண்ணைப் பார்த்துக்கொண்டு. "சாமி வந்த மாதிரி ஆடிக்கிட்டே எந்திரிங்க."

நான் ஆடினேன். ஆடவேண்டிய தேவை இருக்கவில்லை, தானாகவே ஆடியது. எழும்பி நின்றபோது காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். சீனக் கூட்டத்தில் இரண்டு பேர் எங்களைப் பார்த்துத் தாங்களும் புத்தரை விழுந்து கும்பிட்டார்கள், அதுதான் முறை என்று நினைத்து.

மகள் போனைப் பிடித்தபடியே நின்றாள். எல்லாம் வீடியோவில்.

"அம்மா, என்ன இது?"

"கும்பிட வேணும் போல கிடந்தது."

"ஊரில அரச மரத்தைக் கண்டாலே மற்றப் பக்கத்தால சுத்திப் போறனீங்களே!"

"உங்க அம்மாவுக்கு மனசு கனிஞ்சிடுச்சும்மா," என்றார் சம்பந்தி, நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டு. "வயசானா அப்படித்தான்."

வானுக்கு வர முதலே வீடியோ குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. கனடாவிலிருந்து என் மச்சாள் குரல் பதிவாகப் பதில் அனுப்பினாள். வான் முழுக்கக் கேட்டது. "அவளுக்கு என்ன நடந்தது? கிட்ட நிக்கிற ஆராவது நெத்தியில திருநீறு பூசிவிடுங்கோ!" அந்தக் குழுவிலிருந்துதான் அது குவேக்கர்ஸ் ஹில்லுக்கும் வந்து சேர்ந்தது. நான் மறுத்து ஒரு சொல் சொல்லலாம். சொன்னால் முழங்கால் வெளியே வரும். சைவப் பெயர் போனாலும் வீடு மிஞ்சட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

சந்தைக்குப் போனதும் மனம் கொஞ்சம் இலேசானது. வாய்க்கால் முழுக்கப் படகு. படகிலேயே அடுப்பு, படகிலேயே சட்டி, படகிலேயே கடை. ஒரு படகில் குழிகுழியான சட்டியில் தேங்காய்ப்பால் மாவை ஊற்றிச் சுட்டார்கள். சம்பந்தி "அட, நம்ம குழிப்பணியாரம்!" என்று கத்தியதில் விற்கிறவளே பயந்துபோனாள். இன்னொரு படகில் பால்புக்கை போல, தேங்காய்ப்பாலில் குழைத்த சோறு ஒன்று, அதற்குப் பக்கத்தில் மாம்பழத்தை வெட்டி வைத்துக் கொடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மகள் எங்களுக்கும் ஒரு படகு பேசும் வரை. துடுப்புப் படகு. கதிரை இல்லை. அடிப்பலகையில்தான் இருக்க வேண்டும்.

"இல்லம்மா, அவங்களுக்குத் தண்ணியில கண்டம்," என்றார் சம்பந்தி உடனே. "ஜோசியர் சொல்லியிருக்காராம்."

"மாமி, இவ வருசா வருசம் நயினாதீவுக்கு வள்ளத்தில போய் வந்தவ. எந்தச் சாத்திரி?"

சாத்திரி அகப்படவில்லை. நான் ஏறினேன். ஏறினேன் என்பதை விட, மாவுமூட்டை இறங்கியது போல இறங்கினேன் என்பதுதான் சரி. படகுக்காரி என்னை விட மூத்தவள், ஓலைத்தொப்பிக்குக் கீழே தோல் சுருங்கிப் போயிருந்தாள். அவள் குந்துவதும் எழும்புவதும் குந்துவதும், என்னைக் கேலி செய்வது போல இருந்தது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மரயானை விற்றார்கள், விசிறி விற்றார்கள், எல்லாம் கண்ணுக்கு முன்னால் போனது. திரும்பிப் படிக்கட்டுக்கு வரும்போது எப்படி எழும்புவது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. இங்கே விழுந்து கும்பிடவும் ஒருவரும் இல்லை.

படகு படியில் முட்டியது. சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு ரவுண்டு போலாம்! எனக்கு ஆசையா இருக்கு."

இன்னொரு சுற்றுப் போனோம். படி திரும்பவும் அதே இடத்தில்தான் இருந்தது. சம்பந்தி மூன்றாம் முறைக்கு வாய் திறக்க, மகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அம்மா, எழும்புங்கோ."

"கொஞ்சம் இரு."

பின்னால் படகுகள் வந்து ஒன்றோடொன்று இடித்தன. பழப்படகு, விறகடுப்புப் படகு, தொப்பி விற்கிற படகு. எல்லோரும் தங்கள் மொழியில் ஏதோ கூவினார்கள், எல்லாக் கண்ணும் என் மேல்.

"அம்மா. எழும்புங்கோ."

"ஏலாது, பிள்ளை," என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மரியாதையாக எழுத வழி இல்லை. குழிப்பணியாரக்காரி தன் படகிலிருந்து தாவி வந்து என் கக்கத்தில் கை கொடுத்தாள். படகுக்காரி பின்னுக்குப் போய், என் கணவர்கூட ஆட்கள் முன்னால் தொட்டிராத இடத்தில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். மேலே இருந்து மகள் இழுத்தாள். சம்பந்தி, "சேலை, சேலை, சேலையப் பாருங்க" என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டில் போய் விழுந்தேன், மீன் விழுவது போல. பின்னால் நின்ற படகுகள் கைதட்டின.

மகள் என்னை ஒரு வாங்குப் பலகையில் இருத்தி இளநீர் வாங்கித் தந்தாள். தான் குடிக்கவில்லை.

"அப்ப காலமை புத்தரைக் கும்பிட்டது?"

நான் இளநீரைக் குடித்தேன்.

"வீட்டில விழுந்திருக்கிறீங்களோ?"

"ரெண்டு தரம்."

"ரெண்டு தரமோ! எப்பிடி எழும்பினீங்கள்?"

"காலமை எழும்பின மாதிரித்தான்."

"வீட்டில ஆரைக் கும்பிட்டனீங்கள்?"

"பிரிட்ஜை."

சம்பந்திக்கு முறுக்கு புரையேறியது. மகள் சிரிக்கவில்லை. "போன் அடிச்சு நீங்கள் எடுக்காட்டி, ட்ருகனினாவில நிண்டுகொண்டு நான் என்ன செய்யிறது? எனக்கு உங்கட முழங்கால் பயமில்லை, அம்மா. நீங்கள் சொல்லாமல் விடுறதுதான் பயம்." அவள் குரல் உடைந்தது. யானைக் கால்சட்டையோடு அழுகிறவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சரி, வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முருங்கையை ஆருக்குக் கொடுப்பது என்றுகூட நினைத்துவிட்டேன்.

சம்பந்திதான் குறுக்கே விழுந்தார்.

"ஏம்மா, அவங்களுக்கு எந்திரிக்கத் தெரியாதுன்னு யாரு சொன்னா? படகுல பிடிக்க ஒண்ணும் இல்ல, அதான். வீட்டுல ரெண்டு தடவையும் யாரு வந்து தூக்கிவிட்டா? எந்திரிச்சுத்தான் உன் போனை எடுத்திருக்காங்க."

மகள் கண்ணைத் துடைத்தாள். என்னை நேரே பார்த்தாள்.

"அப்ப காட்டுங்கோ."

"என்னத்தை?"

"நிலத்தில இருந்து எழும்பிக் காட்டுங்கோ. நானும் தொட மாட்டன், மாமியும் தொடக் கூடாது."

சந்தையின் நடுவில். பலகைத் தளத்தில். போகிற வருகிற ஆட்கள் முன்னால். கல்யாண வீட்டில் பந்தியில் இரண்டாம் முறை சோறு கேட்க வெட்கப்படுகிறவள் நான். ஆனால் எழும்பாவிட்டால் சம்பந்தியின் அறையில் மற்றக் கட்டில் எனக்குத்தான். பக்கத்தில் நூடில்ஸ் கடைக்காரனின் சின்னப் பிளாஸ்ரிக் இருக்கை ஒன்று கிடந்தது. அதை இழுத்து வைத்தேன், நிலத்தில் இருந்தேன், சேலையைச் செருகினேன். திரும்பிக் கையூன்றினேன். பின்பக்கம் முழுவதும் வானத்தைப் பார்த்தது. எவரோ படம் எடுத்தார்கள், எடுக்கட்டும் என்று விட்டேன். இருக்கையில் முழங்கையை வைத்து, ஒரு காலை முன்னுக்கு இழுத்து, மூச்சு வாங்கி, திரும்ப மூச்சு வாங்கி, அரைவாசியில் நின்று, பிறகு மற்றக் காலையும் கொண்டுவந்தேன். நெடுநேரம் எடுத்தது. நூடில்ஸ் ஆறியிருக்கும். ஆனால் நின்றேன்.

"வடிவில்லை, அம்மா," என்றாள் மகள்.

"வடிவா எழும்ப வேணுமெண்டு நீ சொல்லேல்லை."

அப்போதுதான் சிரித்தாள். சம்பந்தி எழும்பி வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். தன் அறை தப்பியது என்ற சந்தோசம் அதில் எவ்வளவு, என் மேல் பாசம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கலந்துதான் இருந்திருக்கும்.

ஆக, நான் குவேக்கர்ஸ் ஹில்லிலேயே இருக்கிறேன். சும்மா இல்லை. கழுத்தில் ஒரு பொத்தான் தொங்குகிறது. விழுந்து எழும்ப முடியாவிட்டால் அமத்த வேண்டும், எங்கேயோ இருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் சுகம் விசாரிப்பாள். தாலிக்குப் பிறகு என் கழுத்தில் ஏறினது இதுதான். இதற்குத் தாலியை விட நன்றாகக் காது கேட்கிறது. குளிக்கிற நேரமும் கழற்றக் கூடாதாம். ஒருநாள் மீன் வெட்டும்போது தெரியாமல் அமத்திவிட்டேன். அந்தப் பெண் பதறிப்போய்க் கூப்பிட, நான் வெட்கத்தில் "நோ ஃபோல், ஒன்லி ஃபிஷ்" என்று சொல்லித் தப்பினேன்.

மரக்கறிக் கடைப் பெண்களுக்கு இதுதான் பதில். நான் சமயம் மாறவில்லை. நான் விழுந்து எழும்பின இடத்தில் புத்தர் இருந்தார், அவ்வளவுதான். அவரும் ஒன்றும் வித்தியாசமாக எடுத்துக்கொண்டது போலத் தெரியவில்லை.

மலர் போடுகிற பிள்ளைகளிடம் ஒரு கேள்வி மிச்சம். அந்தக் கோயிலின் பெயர் எனக்கு வாயில் வரவில்லை, கட்டின அரசன் யார் என்றும் மறந்துவிட்டேன். கொளுத்தினது பர்மாக்காரர்தான் என்று வழிகாட்டி சொன்னதாக ஞாபகம், ஆனால் அப்போது சம்பந்தி முறுக்குக் கடித்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. தலையை விழுங்கின மரம் அரசா, ஆலா என்பதும் நிச்சயமில்லை. இதையெல்லாம் தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.